அஸ்திவாரத்தில் பெருச்சாளி

துப்பறியும் கதை என்றால் நம்மில் பலருக்கு ஒரு கணக்கு உண்டு. முதல் அத்தியாயத்தில் ஒரு பிணம் கிடக்க வேண்டும். இரண்டாவதில் துப்பாக்கி வெடிக்க வேண்டும். மூன்றாவதில் ஒரு மோட்டார் இன்னொரு மோட்டாரைத் துரத்த வேண்டும். 1979-ம் ஆண்டு செப்டம்பர் 10-ந் தேதி லண்டன் பி.பி.ஸி. டெலிவிஷனில் ஆரம்பமான கதையோ இப்படித் தொடங்குகிறது: ஓர் அறை, ஒரு மேஜை, நாலு கனவான்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து உட்காருகிறார்கள். அவர்களில் ஒருவர், தேநீர்க் கோப்பையின் மேல் தட்டைக் கவிழ்த்து ஏந்தியபடி வருகிறார். யாரும் வாய் திறக்கவில்லை. ஆனாலும் பார்க்கிறவர்களின் நெஞ்சு திக்குத் திக்கென்று அடித்துக்கொள்கிறது. இது என்ன மாயம்?

கதையின் பெயர் 'டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை.' 1974-ல் ஜான் லெ காரே எழுதிய நாவல் அது. அதை ஆர்தர் ஹாப்கிராஃப்ட் நாடகமாக்கினார். ஜான் இர்வின் டைரக்ட் செய்தார். 'குவாய் நதிப் பாலம்' படத்தில் கர்னலாக வந்தாரே, அந்த அலெக் கின்னஸ்தான் கதாநாயகர். வாரம் ஒன்றாக ஏழு பகுதிகள். நம் பத்திரிகைத் தொடர்கதை மாதிரியேதான்.

அதிர்ஷ்டமும் கூடவே வந்தது. போட்டி டெலிவிஷனான ஐ.டி.வி.யில் அந்தச் சமயம் வேலை நிறுத்தம். ஆகஸ்டில் இருண்ட அதன் திரை அக்டோபர் கடைசியில்தான் மறுபடி ஒளிர்ந்தது. ஜனங்களுக்கு வேறு போக்கிடம் குறைவு. ஆனால் வேறு வழி இல்லாமல் பார்க்க உட்கார்ந்தவர்கள், ஏழு வாரமும் எழுந்து போகாமல் இருந்தார்களே, அதற்கு வேலை நிறுத்தம் காரணமாக முடியுமா?

காரணம் வேறு. இங்கிலீஷ்காரர்களின் மனத்தில் ஆறாதிருந்த ஒரு புண்ணை இந்தக் கதை தொட்டது.

பிரிட்டிஷ் ஒற்றர் இலாகாவின் உச்சியில் இருக்கும் சிலரில் ஒருவன் ரஷ்யாவின் கையாள். வீட்டின் அஸ்திவாரத்துக்கு அடியில் வளை தோண்டி, வீட்டுத் தானியத்தையே தின்று கொழுக்கும் பெருச்சாளியைப் போன்றவன். அவன் யார்? வேலையிலிருந்து நீக்கப்பட்டு வீட்டோடு கிடக்கும் ஜார்ஜ் ஸ்மைலியை ரகசியமாகக் கூப்பிட்டு, கண்டுபிடிக்கச் சொல்கிறார்கள். பெருச்சாளி யார் என்பதை நான் சொல்லப் போவதில்லை. கதை எழுதிப் பிழைக்கிறவன் இன்னொருவன் கதையின் முடிச்சை அவிழ்ப்பது தொழில் தர்மம் அல்ல.

ஆனால் அந்தக் கற்பனைக்குப் பின்னால் நின்ற நிஜ மனிதனைப் பற்றிச் சொல்லலாம். அவன் 1912-ல் நம் பஞ்சாபில், அம்பாலாவில் பிறந்தவன். தகப்பனார் ஐ.ஸி.எஸ். உத்தியோகஸ்தர். கிப்ளிங்கின் நாவலில் பிரிட்டிஷாருக்காக இந்தியாவில் வேவு பார்க்கும் சிறுவன் வருகிறானே, அவன் பெயரே பிள்ளைக்குச் செல்லப் பெயராயிற்று: கிம் ஃபில்பி. பெயர் வைத்த நேரமோ என்னவோ, பிள்ளை ஒற்றனாகத்தான் ஆனான். யாருக்காக என்பதில்தான் வித்தியாசம்!

1940-ல் பிரிட்டிஷ் ரகசிய இலாகாவில் சேரும்போதே அவன் மாஸ்கோவின் ஆள். 1944-ல் சோவியத் ஒற்றர்களைப் பிடிக்கும் பிரிவுக்கே அவனைத் தலைவனாக்கினார்கள். திருடனிடமே சாவிக்கொத்தைக் கொடுத்த கதை. 1951-ல் அவனுடைய சிநேகிதர்கள் பர்ஜெஸும் மக்லீனும் ரஷ்யாவுக்கு ஓடியபோது சந்தேகம் இவன் மேலும் விழுந்தது. அப்படியும் 1955-ல் வெளிநாட்டு மந்திரி மாக்மில்லன் பார்லிமெண்டில் எழுந்து, இவனைக் குற்றவாளியாகக் கருத ஆதாரம் இல்லை என்று அறிவித்தார். 1963 ஜனவரியில் பேரூத்திலிருந்து ஃபில்பி மறைந்தான். மாஸ்கோவில் போய் முளைத்தான்.

இத்தனை காலம் அவனை ஏன் நம்பினார்கள்? அவன் 'நம்மவன்' என்பதால். நல்ல பள்ளிக்கூடம், கேம்பிரிட்ஜ் படிப்பு, நல்ல குடும்பம், இனிய பேச்சு. ஒரே பந்தியில் உண்டவனை எப்படிச் சந்தேகிப்பது? லெ காரே அந்த இலாகாவிலேயே உத்தியோகம் பார்த்தவர். இந்த வியாதியை உள்ளிருந்து பார்த்தவர். அதனால்தான் அவர் கதையில் 'யார்?' என்ற கேள்வியைவிட, 'இவனையா நாம் நேசித்தோம்?' என்ற கேள்வி அதிகமாக வலிக்கிறது.

டில்லிச் சிறையில் நடப்பதாக வரும் ஒரு காட்சியை நான் இரண்டு தரம் போட்டுப் பார்த்தேன். ரஷ்ய ஒற்றர் தலைவன் கார்லாவைக் கட்சி மாற்ற ஸ்மைலி பேசுகிறார், பேசுகிறார், பேசிக்கொண்டே இருக்கிறார். கார்லாவாக வரும் பாட்ரிக் ஸ்டூவர்ட்டுக்கு ஒரு வார்த்தைகூட வசனம் இல்லை. கடைசியில் ஸ்மைலிக்கு அவர் மனைவி பரிசளித்த சிகரெட் லைட்டர் கார்லாவோடு போய்விடுகிறது. மனைவியின் மேல் அவருக்குள்ள பலவீனமும் கூடவே போய்விடுகிறது. பேசியவர் தோற்றார், கேட்டவன் ஜயித்தான். வசனம் எழுதியே பக்கத்தை நிரப்பும் என் போன்றவர்களுக்கு இது நல்ல பாடம்.

ஏழாவது பகுதி அக்டோபர் 22-ந் தேதி முடிந்தது. இருபத்து நான்கே நாட்கள் கழித்து, நவம்பர் 15-ந் தேதி, பிரதம மந்திரி மார்கரெட் தாட்சர் பார்லிமெண்டில் ஒரு செய்தியை வெளியிட்டார். அரண்மனையின் சித்திரங்களுக்குப் பல காலம் பொறுப்பாளராக இருந்த சர் ஆண்டனி பிளண்ட்டும் சோவியத் ஒற்றரே! அதைவிடப் பெரிய அதிர்ச்சி, அவர் 1964-லேயே குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தார் என்பது. தண்டிப்பதில்லை என்று வாக்குக் கொடுத்து, பதினைந்து வருஷம் மூடி வைத்திருந்தார்கள். 'சர்' பட்டம் பறிபோனது அந்த நவம்பரில்தான்.

டெலிவிஷன் கதையில் ஸ்மைலி என்ற கிழவர், தமக்கு என்ன வலித்தாலும் சரியென்று வளையைத் தோண்டிப் பார்த்தார். நிஜத்தில் இருந்தவர்களோ, பெருச்சாளி கையில் அகப்பட்ட பிறகும் வளையின் மேல் கம்பளத்தை விரித்துவிட்டு, அதன்மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். துரோகியைக் கண்டுபிடிக்கப் புத்தி போதும். கண்டுபிடித்ததை ஊரறியச் சொல்லத்தான் தைரியம் வேண்டும்; அந்தத் தைரியம் பிறக்க அங்கே பதினைந்து வருஷம் ஆயிற்று.