மரைக்காயரின் பொறுப்பும் நான்கு கோப்புகளும்

கல்முனை நீதவான் நீதிமன்ற வளவில் காலை எட்டரை மணிக்கு நின்றால், வழக்குப் பட்டியலைப் பாராமலே சில விடயங்கள் விளங்கிவிடும். மதிலோரம் ஒரு தாய். கையில் ஷொப்பிங் பை. அதற்குள் சோற்றுப் பார்சலும் மடித்த சாரனும். மட்டக்களப்புச் சிறையிலிருந்து வாகனம் வருமட்டும் அசையமாட்டார். "எங்கட புள்ள கெட்டவன் இல்ல சேர், எல்லாம் கூட்டாளிமாரால வந்தது" என்று முன்பின் தெரியாதவரிடமும் சொல்வார். இப்போது ஐஸ் போதைப்பொருள் வைத்திருந்த வழக்கு. முந்திய வருடம் இதே மகனுக்காக, சைக்கிள் களவு வழக்கொன்றுக்கு, இதே மதிலோரம் நின்றவர்தான்.

அந்தப் பையனை அறிந்தவர்கள் ஊரில் குறைவில்லை. பாடசாலை வரவு இடாப்பில் அவன் பெயருக்கு நேரே மாதக்கணக்கில் வெறுமை. வைத்தியசாலை உளநலப் பிரிவில் பாதியில் நின்றுபோன ஒரு கிளினிக் கொப்பி. பொலிஸில் ஒரு முறைப்பாடு. நன்னடத்தை உத்தியோகத்தரிடம் ஒரு குடும்ப அறிக்கை. நான்கு கோப்புகள், நான்கு அலுமாரிகள். ஒன்றையொன்று கண்டதில்லை.

சட்டத்துக்குப் பஞ்சமில்லை. நன்னடத்தைக் கட்டளைச் சட்டம் 1944இலேயே வந்தது. சிறு பிணக்குகளைப் பேசித் தீர்க்க 1988இல் மத்தியஸ்த சபைகள். சிறைக்குப் பதில் ஊருக்குள்ளேயே தண்டனையைக் கழிக்க 1999இல் சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டம். குற்றப் பொறுப்பின் வயதை 8இலிருந்து 12ஆக உயர்த்தியது 2018ஆம் ஆண்டின் திருத்தம். 12க்கும் 14க்கும் இடைப்பட்டவனின் முதிர்ச்சியை நீதவான் எடைபோட வேண்டும். ஆனால் 13ஆம் திருத்தத்தின் பின் நன்னடத்தைச் சேவை மாகாணத்துக்குப் போக, பொலிஸும் சிறையும் நடைமுறையில் கொழும்பின் கையிலேயே இருக்கின்றன. கல்வி வலயத்துக்கு ஓர் எல்லை, சுகாதாரப் பிராந்தியத்துக்கு வேறோர் எல்லை.

இவையெல்லாம் வருமுன் நம்மிடம் ஓர் ஏற்பாடு இருந்தது. கிழக்கின் கரையோர முஸ்லிம் ஊர்களில் தாய்வழியாக வரும் குடிகள் உண்டு. குடிக்கொரு மரைக்காயர் பள்ளிவாசல் நிருவாகத்தில் அமர்வார். அக்கரைப்பற்றில் நெடுங்காலம் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே இதை விரிவாக எழுதியிருக்கிறார். பையன் ஒருவன் பிழைவிட்டால் முதலில் தேடப்படுபவர் அவனது குடி மரைக்காயர். "இவன் யாருடைய பொறுப்பு?" என்ற கேள்விக்கு அன்று ஒரு மனிதரின் பெயர் விடையாக இருந்தது. இன்று ஒரு திணைக்களத்தின் பெயர் இருக்கிறது.

அந்தக் காலத்தைப் பொற்காலமாக்க நான் தயாரில்லை. மரைக்காயர்மார் அமர்ந்த சபையில் பெண்களுக்கு இடமிருக்கவில்லை. பையனின் உம்மா கதவுக்குப் பின்னால் நின்றுதான் கேட்டிருப்பார். பாண்டிருப்பிலோ நற்பிட்டிமுனையிலோ உள்ள தமிழ்ப் பையனுக்கு அந்த ஏற்பாடு உதவவும் முடியாது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் கடலோரத்துக் குடும்பங்கள் பல வீட்டுத்திட்டங்களுக்குப் போயின. மாமியின் வளவும் ராத்தாவின் வளவும் அடுத்தடுத்து இருந்தபோது நாலு சோடிக் கண்கள் பையனைப் பார்த்துக்கொண்டிருந்தன. மாடிக் குடியிருப்பின் படிக்கட்டில் அந்தக் கண்கள் இல்லை.

நியூசிலாந்து 1989இல் இயற்றிய சட்டம் இங்கே நினைவுக்கு வருகிறது. மாவோரி மக்களின் உறவுமுறைக் கூட்டத்திலிருந்து பாடம் எடுத்து, தவறிழைத்த பிள்ளை, அவனது குடும்பத்தார், பாதிக்கப்பட்டவர், பொலிஸார் ஆகியோரை ஒரே இடத்தில் இருத்திப் பேசவைத்தது அது. இங்கிலாந்து 1998இல் வேறு வழியில் போனது: பொலிஸ், நன்னடத்தை, சுகாதாரம், கல்வி, சமூக சேவை ஆகிய ஒவ்வொன்றும் இளம் குற்றவாளிகளுக்கான உள்ளூர் அணிக்கு ஆள் தந்தே ஆகவேண்டுமென்று சட்டமாக்கியது. தருவது ஆளை, கூட்டத்துக்கு வரும் பிரதிநிதியை அல்ல. நம் பிரதேச மட்டக் குழுக்களிலோ தேநீரும் வடையும் முடிந்தபின் கூட்டக் குறிப்பு மட்டும் எஞ்சுகிறது. கூட்டத்தில் பெயர் வந்த பையனின் வீட்டுக்கு மறுநாள் யார் போவது என்று அந்தக் குறிப்பில் இருக்காது.

இந்தத் துறைகள் எல்லாம் கூடிப் பேச ஒரே மேசை வேண்டும் என்பவர்கள் அதில் எதைப் பேசக்கூடாது என்பதையும் முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். 2019 ஏப்ரல் உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குப் பின் இந்தக் கரையோரத்தில் பெயர் கொடுப்பது என்ற சொல்லுக்கு ஓர் அச்சம் ஒட்டிக்கொண்டது. வைத்தியரிடம் "பாவிக்கிறேன்" என்று ஒப்புக்கொண்ட பையனின் பெயர் மறுநாள் பொலிஸ் கையில் இருந்தால், அதன்பின் ஒருவனும் கிளினிக் படி ஏறமாட்டான். கல்வி அதிகாரிக்கு வரவு தெரிந்தால் போதும். மருந்து தெரிய வேண்டியதில்லை.

வேலை விடயம் இன்னும் சிக்கல். இங்குள்ள இளைஞனின் கனவு பெரும்பாலும் கட்டாரிலோ சவூதியிலோ இருக்கிறது; அதற்குப் பொலிஸ் நற்சான்றிதழ் கேட்கிறார்கள். பதினெட்டு வயதில் விழுந்த ஒரு வழக்கு அந்தக் கதவைச் சாத்திவிட்டால், மிஞ்சுவது மீன்வாடியும் மருதமுனைத் தறியும். அங்கேயும் முதலாளி முதலில் கேட்பது, "ஆர்ர மகன்?" என்றுதான். பதில் சொல்ல ஒரு பெரியவர் கூடவந்தால் வேலை கிடைக்கும். சமுதாயஞ்சார் சீர்திருத்த உத்தியோகத்தரும் பள்ளிவாசல் நம்பிக்கையாளர் ஒருவரும் சேர்ந்து அந்தக் கடை வாசலுக்குப் போவதற்குச் சுற்றறிக்கை எதுவும் தேவையில்லை.

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குச் சுமார் 40 கிலோமீற்றர். விடுதலையான பையன் பஸ்ஸில் வந்து இறங்கும்போது பாடசாலைக்குத் தெரியாது, கிளினிக்குக்குத் தெரியாது, பள்ளிவாசலுக்கும் தெரியாது. உம்மாவுக்கே திகதி சரியாகத் தெரிந்திருக்காது. மோட்டார் சைக்கிளோடு நிலையத்தில் காத்து நிற்கிற கூட்டாளிமாருக்கு மட்டும் எந்த பஸ் என்பதுவரை தெரிந்திருக்கிறது.