கச்சாத் தோலும் கைசரின் படையும்: வட ஆர்க்காட்டுத் தோல் வணிகத்தின் வழியே முதல் உலகப்போரின் காரணங்கள்

1914க்கு முந்திய ஆண்டுகளில் இந்தியாவின் கச்சா மாட்டுத்தோல் ஏற்றுமதி பெரும்பாலும் ஜெர்மானியர் கையில் இருந்தது. கல்கத்தாவில் கிளை வைத்திருந்த ஜெர்மானிய, ஆஸ்திரிய வணிக நிறுவனங்கள் தங்களுக்குள் உடன்பாடு செய்துகொண்டு தோலை வாங்கின. ஹாம்பர்க், பிரேமன் சந்தைகளில் படிந்த விலையே வங்காளத்துச் சிற்றூர் மண்டி வரைக்கும் பேசப்பட்டது. ஆட்டுத்தோல் அமெரிக்காவுக்குப் போனது. கச்சா மாட்டுத்தோலில் மிகப் பெரிய பங்கு ஜெர்மனிக்கும் ஆஸ்திரிய-ஹங்கேரிக்கும் சென்றது. பிரிட்டன் ஆண்ட நாட்டின் மூலப்பொருளை பிரிட்டனின் போட்டியாளர் தடையின்றி அள்ளிச் சென்ற இந்த நிலை, போரின் காரணங்களை ஆராய்வோருக்கு முக்கியமான சான்று.

சென்னை மாகாணத்தின் கதை வேறு. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம் ஊர்களில் தோல் ஷாப்புகள் எனப்பட்ட பதனிடும் கூடங்கள் கச்சாத் தோலைச் சுண்ணாம்பிலிட்டு முடி நீக்கி, ஆவாரம் பட்டைச் சாற்றில் ஊறவைத்து, கடுக்காய் ஏற்றி, பாதி பதப்படுத்திய சரக்காக அனுப்பின. அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்தில் இந்தத் தொழிலுக்கு வேண்டியவை அருகருகே கிடைத்தன. கால்நடை இருந்தது, பாலாற்று நீர் இருந்தது, வறண்ட மேட்டுநிலங்களில் ஆவாரை மண்டிக் கிடந்தது. ஒடுகத்தூருக்குப் பின்னால் எழும் ஜவ்வாது மலையில் கடுக்காய் விளைந்தது. 1850களிலும் 1860களிலும் சென்னையிலிருந்து இவ்வழியே போடப்பட்ட இருப்புப்பாதை சரக்கைத் துறைமுகத்தில் சேர்த்தது. முதலீடு பெரும்பாலும் தமிழ் முஸ்லிம் வணிகர்களுடையது. சுண்ணாம்புத் தொட்டியிலும் பட்டைத் தொட்டியிலும் இறங்கி நின்ற உழைப்பு பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினருடையது. சென்னைப் பெரியமேட்டு மண்டிகள் வழியே லண்டன் ஏலத்துக்குப் போன இந்தச் சரக்கு அங்கே கிழக்கிந்தியக் கிப்ஸ் என்று பெயர்பெற்றது. அதைக் கொண்டு பூட்ஸின் மேற்பாகம் செய்தார்கள்.

ஜெர்மனி கச்சாத் தோலைத் தீர்வையின்றி உள்ளே விட்டது, பதனிட்ட தோலுக்கு வரி போட்டது. பதனிடும் வேலையும் அதன் லாபமும் தன் மண்ணிலேயே தங்க வேண்டும் என்பதே நோக்கம். ஜெர்மானியத் தொழிற்சாலைகள் குரோம் முறையில் வேகமாக வளர்ந்தபோது, அவர்களுக்காக வாங்கிய முகவர்களின் போட்டியில் கச்சாத் தோலின் விலை ஏறியது. சென்னை மாகாணத் தொழிலுக்கு அது பெரும் சுமையானது. இது ஓர் உண்மையான பொருளாதார மோதல். ஆனால் இதில் ஜெர்மனி தோற்கவில்லை, வென்றுகொண்டிருந்தது. ஒரு குண்டும் வெடிக்காமல், தடையற்ற வணிகம் என்ற பிரிட்டனின் கொள்கையைக் கொண்டே வென்றது. பிரேமனின் ஹான்சா கப்பல் நிறுவனம் இந்தியத் துறைமுகங்களில் சரக்கேற்றியது. போருக்கு முந்திய ஆண்டுகளில் ஜெர்மன் ஏற்றுமதிக்கு மிகப் பெரிய வாடிக்கையாளர்களில் ஒன்றாக இருந்தது பிரிட்டன்தான்.

ஆகவே, சந்தைப் போட்டியே 1914ஐக் கொண்டுவந்தது என்ற பழைய விளக்கம் தோல் வணிகத்தின் முன் நிற்காது. காரணத்தை பெர்லினின் அரண்மனையிலும் படைத்தலைமையிலும் தேட வேண்டும். 1871இல் ஜெர்மன் பேரரசை ஒன்றிணைத்த பிஸ்மார்க், அதன் பிறகு ஐரோப்பியச் சமநிலையைக் காப்பதிலேயே கவனம் வைத்தார். 1888இல் அரியணை ஏறிய இரண்டாம் வில்ஹெல்ம் 1890இல் அவரை விலக்கினார். ரஷ்யாவுடனான ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. 1897இல் வெளியுறவுச் செயலர் பூலோ ஜெர்மனிக்கும் சூரியனுக்குக் கீழே ஓர் இடம் வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் கேட்டார். அதே ஆண்டு சீனக் கரையில் கியாவ்சோ கைப்பற்றப்பட்டது. கடற்படைச் செயலர் திர்பிட்ஸின் கடற்படைச் சட்டங்கள் 1898இலும் 1900இலும் நிறைவேறின. 1906இல் பிரிட்டன் டிரெட்நாட் என்ற போர்க்கப்பலை இறக்கியதும் செலவு மிகுந்த போட்டி தொடங்கியது. 1905, 1911 மொராக்கோ நெருக்கடிகள் பிரான்சையும் பிரிட்டனையும் இன்னும் நெருக்கமாக்கின.

இந்தக் கடற்படை ஜெர்மானிய வணிகத்தைக் காக்கக் கட்டப்படுவதாகச் சொல்லப்பட்டது. உண்மையில் அது அந்த வணிகத்துக்கு இடம் கொடுத்திருந்த நாட்டையே பகையாக்கியது.

ராணுவம் செய்த தீங்கு இதைவிடப் பெரிது. அரசியல் சட்டப்படி படை பேரரசரின் ஆணைக்கு நேரடியாகக் கட்டுப்பட்டது. நாடாளுமன்றம் அதற்குப் பணம் ஒதுக்கலாம், அதன் திட்டங்களைக் கேள்வி கேட்க முடியாது. படைத்தலைவர் ஷ்லீஃபென் வகுத்து, அடுத்து வந்த மோல்ட்கே திருத்திய திட்டத்தின்படி, ரஷ்யாவோடு போர் வந்தாலும் முதலில் பெல்ஜியம் வழியே பிரான்சைத் தாக்க வேண்டும். இப்படி ஒரு பால்கன் தகராறு ஐரோப்பியப் போராக விரிவது முன்கூட்டியே உறுதியானது. ரஷ்யா சில ஆண்டுகளில் வெல்ல முடியாத வலிமை பெற்றுவிடும் என்ற அச்சம், தாமதம் கூடாது என்ற எண்ணத்தைத் தளபதிகளிடம் வளர்த்தது. 1914 ஜூன் 28இல் சராயேவோவில் ஆஸ்திரியப் பட்டத்து இளவரசர் கொல்லப்பட்டார். ஜூலை 5இல் வில்ஹெல்ம் ஆஸ்திரியாவுக்கு நிபந்தனையற்ற ஆதரவு தந்தார். ஆகஸ்ட் 1இல் ரஷ்யா மீதும், 3இல் பிரான்ஸ் மீதும் ஜெர்மனி போர் அறிவித்தது. 4ஆம் தேதி ஜெர்மன் படை பெல்ஜியத்தில் நுழைந்ததும் பிரிட்டனும் போரில் இறங்கியது.

வரலாற்றாசிரியர் ஃபிரிட்ஸ் ஃபிஷர் 1961இல் வெளியிட்ட ஆய்வு, ஜெர்மனியின் ஆதிக்க நோக்கத்தை மையக் காரணமாக வைத்தது. மற்றொரு வரலாற்றாசிரியர் கிறிஸ்டோபர் கிளார்க் 2012இல் பொறுப்பை எல்லா வல்லரசுகளுக்கும் பகிர்ந்தார். எந்த வல்லரசும் பழியற்றதல்ல என்பது சரி. ஆயினும் ஜூலை 5 ஆதரவும் பெல்ஜியத் திட்டமும் பெர்லினின் முடிவுகள். அவற்றை மற்றவர் தலையில் ஏற்ற முடியாது.

போரின் முதல் விளைவு வட ஆர்க்காட்டுக்கு வணிக முடக்கமாக வந்தது. எதிரி நாட்டுக் கச்சாத் தோல் வணிகம் நின்றது. கல்கத்தாவின் ஜெர்மானிய நிறுவனங்கள் மூடப்பட்டன. கியாவ்சோவின் சிங்தாவோ தளத்திலிருந்து வந்த எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தைச் சுட்டு, பர்மா ஆயில் நிறுவனத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியது. மக்கள் நகரைவிட்டு வெளியேறினர். நவம்பர் 9இல் கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பல் எம்டனை அழித்தது. தமிழகத்தில் பணியாற்றிய ஜெர்மானிய லைப்சிக் மிஷனரிகளும் தப்பவில்லை. 1915 முதல் அவர்களில் பலர் கோல்கொண்டா கப்பலில் ஏற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர்.

பிறகு நிலைமை தலைகீழாயிற்று. பிரிட்டிஷ் படைக்கு லட்சக்கணக்கில் பூட்ஸ் தேவைப்பட்டதால் கிப்ஸ் போர்ப்பொருளாயிற்று. 1916இல் இந்திய அரசு அதன் கொள்முதலைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்து, விலை நிர்ணயித்து, போர் அமைச்சகத்துக்காக வாங்கியது. போட்டி வாங்குபவர் இல்லாததால் கச்சாத் தோல் தாராளமாகக் கிடைத்தது. தோல் ஷாப்புகள் பெருகின. எந்தப் போட்டியால் நசுங்கியதோ, அந்தப் போட்டியாளரின் போரால் தொழில் நிமிர்ந்தது. அந்தப் பூட்ஸை அணிந்து மெசபடோமியாவிலும் பிரான்சிலும் மடிந்த இந்தியச் சிப்பாய்களையும் சேர்த்தே இந்த வளர்ச்சியைக் கணக்கிட வேண்டும்.

ஜெர்மானியப் பிடி திரும்பக் கூடாது என்று கருதிய அரசு, 1919இல் கச்சாத் தோல் ஏற்றுமதிக்கு 15 விழுக்காடு தீர்வை விதித்தது. பிரிட்டிஷ் பேரரசுக்குள் பதனிடப்பட்டால் அதில் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. ஆனால் தோல் வாங்கக்கூடிய பெரிய தொழிற்சாலைகள் பேரரசுக்கு வெளியேதான் இருந்தன, போருக்குப் பின் உலகச் சந்தையும் சரிந்தது. 1923இல் தீர்வை 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது, தள்ளுபடியும் நீக்கப்பட்டது.