அளவுகோலும் முறையீடும்

சென்ற திங்கள் நடைபெற்ற நம் சங்கக் கூட்டம் முடிந்து யாவரும் எழுந்தவேளை, அளம் குத்தகைக்கு எடுத்து உப்பு விளைக்கும் அன்பர் ஒருவர் தம் மடியிலிருந்து ஒரு தாளை எடுத்து நம்பால் நீட்டினார். வீட்டுவரி உயர்ந்தமையைத் தெரிவிக்கும் அறிவிப்பு அது. “ஐயா, இதனை எதிர்த்துக் கேட்கலாமா? கேட்டால் பகை வந்து சேருமா?” என்று வினவினார். “கேட்கலாம்” என ஒரு சொல்லில் விடை கூறி அனுப்பினோம். வீடு திரும்பும் வழியில் அவ்விடை போதாதெனத் தோன்றிற்று. கேட்பது பகைக்கு இடமாகும் என்னும் அச்சம் நம்மவர்க்கு எங்ஙனம் வந்தது? நம் முன்னோர் கேட்டிலரா? கேட்டபோது யார் செவி சாய்த்தனர்? இவற்றை ஒருவாறு ஆராய்ந்து நம் சங்க அன்பர்க்கும் அவர்தங் குடும்பத்தார்க்கும் உரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம்மூர் இன்று நேற்றுத் தோன்றியதன்று. சிறுபாணாற்றுப்படையில் ஓய்மானாட்டு நல்லியக்கோடனுக்குரியதாகக் கூறப்படும் எயிற்பட்டினம் மரக்காணமே என அறிஞர் கருதுவர். பூமீசுவரர் கோயிற் சுவர்களிற் சோழர்காலக் கல்வெட்டுகள் உள்ளன. உப்பு விளையும் இடத்தில் உப்பிற்கு வரியும் இருந்தே தீரும். ‘உப்பாயம்’ என்னும் வரிப்பெயர் சோழர் கல்வெட்டுகளில் வருகின்றது. ‘இறை’ என்னும் ஒரு சொல்லே கடவுளையும் அரசனையும் வரியையும் உணர்த்துதலை மாணாக்கர்க்குக் கற்பிக்கும்போதெல்லாம் நாம் சிறிது நின்று நகைப்பதுண்டு. ‘முறை’ என்பதோ அரசன் வழங்கும் நீதி. அதனை வேண்டி நிற்றலே முறையீடு. ஆகலின் இறையுள்ள இடத்து முறையீடும் உண்டென்பது நம் மொழியே காட்டும் உண்மையாம்.

சோழர் நிலத்தை அளந்தே இறை விதித்தனர். முதலாம் இராசராசன் காலத்தில் ஓரளவையும், முதலாம் குலோத்துங்கன் காலத்தில் 1086ஆம் ஆண்டில் மற்றோரளவையும் நிகழ்ந்தன. ‘புரவுவரித் திணைக்களம்’ என்றோர் அலுவலகமே இதற்கென இருந்தது. ஈண்டு அன்பர்கள் கருதத்தக்கது ஒன்றுண்டு. நிலமளக்கும் கோலின் நீளத்தைக் கோயிற் சுவரிற் குறித்து வைக்கும் வழக்கம் நம் நாட்டிற் பல ஊர்களில் இருந்தது. அதிகாரி கையிற் கொணரும் கோலை எளிய உழவனும் அக்குறியோடு ஒத்துப் பார்க்கலாம்.

கோலில் என்ன பெரிதென்று எண்ணற்க. கோல் குறுகினால் நிலம் பெருகும். 18 அடிக் கோலால் அளக்க 100 குழியாகும் நிலம், 20 அடிக் கோலால் அளக்க 81 குழியே ஆகும். நிலம் அதுவே, விளைவும் அதுவே, கோலில் இரண்டடி குறைந்தமையால் வரி மட்டும் ஏறத்தாழ நாலிலொரு பங்கு ஏறிவிடும். கோலைப் பிடித்தவன் கையிலேதான் குடியின் வாழ்வு இருந்தது.

இதனை நன்குணர்ந்தோர் 1429ஆம் ஆண்டில் நம் பகுதியிலும் காவிரிக் கரையிலும் வாழ்ந்த மக்கள். விசயநகரத்து இரண்டாம் தேவராயன் ஆண்ட காலம் அது. வரி மேல் வரி விதிக்கப்பட்டது. நிலவுடைமையாளரும் அதிகாரிகளோடு கூடி எளியோரை வருத்தினர். அப்போது வலங்கைப் பிரிவினர் தொண்ணூற்றெட்டும், இடங்கைப் பிரிவினர் தொண்ணூற்றெட்டும் ஓரிடத்துக் கூடி, இன்ன பயிர்க்கு இவ்வளவு, இன்ன தொழிற்கு இவ்வளவு என்று தாமே வரையறுத்து, அதற்கு மேற் கொடுப்பதில்லை என உறுதிசெய்து கல்லிற் பொறித்தனர். விருத்தாசலம், கொறுக்கை, ஆடுதுறை முதலிய ஊர்களில் இக்கல்வெட்டுகள் இருக்கின்றன. தம்முள் ஓயாது பூசலிட்ட இருபாலாரும் ஒன்றுபட்டமை வியப்பே. ஆயினும் ஒன்றை மறைக்காமற் கூற வேண்டும். இவர்களுடைய குறையைக் கேட்க ஒரு மன்றம் இருந்திலது; அதனாலேயே தாமே மன்றமாயினர். மன்றம் இருந்திருப்பின் கல்வெட்டுக்கு வேலை இராது.

அவ்வலங்கை இடங்கையாரே பின்னாளில் சென்னையில் மீண்டும் பூசலிட்டனர். அது வேறு கதை. அச்சென்னையிலேதான் வீட்டுவரி பற்றிய அடுத்த பெரு நிகழ்ச்சி நடந்தது. நிலத்துக்கு அளவுகோல் எப்படியோ, வீட்டுக்கு மதிப்பு அப்படி. கிழக்கிந்தியக் கம்பெனியார் நகர மதிலின் செலவுக்கென வீடுகள்மீது வரி விதிக்க முற்பட்டனர். 1686ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நகரத்து மக்கள் அதனைக் கொடுக்க மறுத்துக் கூடினர். கவர்னர் கிபோர்டு என்பார் அச்சுறுத்தியே அவர்களை அடக்க நேர்ந்தது. இச்செய்தி கடல் கடந்து இலண்டனை எட்டிற்று. கம்பெனியின் தலைவராயிருந்த ஜோசையா சைல்டு என்பார் ஒரு வணிகரின் கூர்மையோடு சிந்தித்தார். பிறர் வலிந்து கேட்கும் சிறு தொகையைக் கொடுக்க மனம் வாராத மக்கள், தம்முள் தாமே விதித்துக்கொண்ட பெருந்தொகையைத் தடையின்றிக் கொடுப்பர் என்பது அவர் கருத்து. இக்கருத்தின் பயனே சென்னை மாநகராட்சி. 1687 டிசம்பர் 30ஆம் நாள் பட்டயம் அளிக்கப்பட்டு, 1688 செப்டம்பர் 29ஆம் நாள் அது தொடங்கிற்று. மேயர் ஒருவர், ஆல்டர்மென் பன்னிருவர். நம் நாட்டாரும் அவருள் இடம்பெற்றனர். சாதித் தலைவர்களையும் அவையிற் சேர்க்க ஏற்பாடு செய்யப்பட்டது. மாநகராட்சி என்பது கம்பெனியார் நம்மீது கொண்ட அன்பினாற் பிறந்ததன்று. வீட்டுவரி கொடேம் என்று நம்மவர் முணுமுணுத்தமையாற் பிறந்தது.

சென்னையிற் கற்ற பாடத்தைக் கம்பெனியார் வடநாட்டில் மறந்தனர் போலும். 1810ஆம் ஆண்டின் 15ஆம் ஒழுங்குச் சட்டத்தால் காசி முதலிய நகரங்களில் வீட்டுவரி விதிக்கப்பட்டது. காசி மக்கள் முதலில் விண்ணப்பம் எழுதினர், அதிகாரிகள் தள்ளினர். பின்னர்க் கொல்லர்கள் முன்நின்று தம் இனத்தாரை ஊரூராக ஆள்விடுத்து அழைத்தனர், ஓடக்காரர் துடுப்பை வைத்தனர், கடைகள் அடைபட்டன, பல்லாயிரவர் வீடுகளைப் பூட்டிவிட்டு ஊர்ப்புறத்து வெளியிற் சென்று அமர்ந்தனர். யாரையும் அடித்திலர், எதனையும் எரித்திலர். குளிர்கால இரவுகளில் வெளியிற் கிடந்தனர். பிற்காலத்தில் அறிஞர் தரம்பால் அவ்வரசாங்கக் கடிதங்களையே திரட்டி 1971இல் நூலாக வெளியிட்டார். அவ்வரி பின்னர் நீக்கப்பட்டது. காந்தியடிகள் பிறப்பதற்கு ஏறத்தாழ அறுபது ஆண்டுகட்கு முன் நடந்த நிகழ்ச்சி இது.

நம் மாகாணத்துக்குத் திரும்புவோம். இரயத்துவாரி முறையில் ஆண்டுதோறும் ஜமாபந்தி நடைபெறும். குடிகள் அங்கு வந்து குறைகூறலாம் என்பது ஏட்டில் இருந்தது. நடப்பிலோ வேறு. வரி தண்டிய தாசில்தாரே காவல் அதிகாரமும் உடையவர். அவர்மீது கலெக்டரிடம் எழுதிய மனு, விசாரணைக்கென அத்தாசில்தாரிடமே திரும்பி வரும். மனு எழுதியவன் கதி என்னாம்! விரல்களைக் கிட்டியில் இட்டு நெருக்கியும், குனியவைத்துக் கட்டி வெயிலில் நிறுத்தியும் வரி தண்டினர் என்பது கட்டுக்கதையன்று. காசுலு இலட்சுமிநரசு செட்டியார் முதலியோர் சென்னைவாசிகள் சங்கத்தின் வாயிலாக இதனை இங்கிலாந்துப் பார்லிமெண்டின் செவிக்கு எட்டச் செய்தனர். 1854இல் விசாரணைக் குழு அமைந்தது. 1855இல் அதன் அறிக்கை வெளிவந்து கொடுமையை ஒப்புக்கொண்டது. 1859ஆம் ஆண்டுப் போலீசுச் சட்டத்தால் காவற்றுறை வருவாய்த்துறையினின்றும் பிரிக்கப்பட்டது.

‘கேட்டால் பகை வருமா’ என்று நம் அன்பர் வினவியது இந்த நூற்றைம்பது ஆண்டு நினைவிலிருந்தே என்று நாம் எண்ணுகின்றோம். பாட்டன் விரல் நெரிந்ததைப் பேரன் மறந்தாலும் அவன் அச்சம் மறப்பதில்லை.

1920ஆம் ஆண்டில் ஜில்லா முனிசிபாலிடிகள் சட்டம் இயற்றப்பட்டது. கட்டடத்தின் ஆண்டு வாடகையை மதிப்பிட்டு, கட்டடத்துக்குரிய பகுதியிற் பத்தில் ஒரு பங்கைப் பழுதுபார்க்கும் செலவுக்கெனக் கழித்து வரி விதிக்க அது வழிசெய்தது. மதிப்பீட்டிற் குறை கண்டார் முதலில் நிருவாக அதிகாரியிடம் சீராய்வு மனு கொடுக்க வேண்டும். அவர் தீர்ப்பில் நிறைவில்லையேல் நகர மன்றத்துக்கு மேல்முறையீடு செய்யலாம். வரியை முதலிற் செலுத்தினாலன்றி மேல்முறையீடு கேட்கப்படாது. இவ்விதி எளியோரைத் தடுப்பதென்பது நம் கருத்து. ஆயினும் மதித்தவர் ஒருவராகவும் கேட்பவர் மற்றொருவராகவும் இருத்தல் வேண்டும் என்பதை இச்சட்டம் ஒப்புக்கொண்டது சிறிதன்று.

இச்சட்டத்தின் கீழ் எழுந்த வழக்குகளுட் குண்டூர் வழக்கு குறிப்பிடத்தக்கது. குண்டூர் பண்டைச் சென்னை மாகாணத்தது. ஆந்திரம் பிரிந்த பின்னும் இச்சட்டமே அங்கு இருந்தது. அவ்வூர் வரிசெலுத்துவோர் சங்கத்தார், நகர மன்றம் தம் வீடுகட்கு மிகுதியான வாடகையைக் கற்பித்து வரி விதித்தமையை எதிர்த்தனர். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி அமையும் நியாய வாடகைக்கு மேல் மதிப்பிடுதல் கூடாதென 1970ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சங்கமாய்ச் சேர்ந்தார் சாதித்தது இது. நம் போன்ற சங்கத்தார் கருதற்பாலது.

இனி நம் காலம். 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில், 1998ஆம் ஆண்டு இயற்றப்பட்ட நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டம் 2023இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னரே 2022 ஏப்ரலில் சொத்துவரி உயர்வு அறிவிக்கப்பட்டது. நம்முடையது போன்ற பேரூராட்சிகளிற் குடியிருப்பு வீடு 600 சதுர அடிக்குட்பட்டதாயின் 25 விழுக்காடு, 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 விழுக்காடு உயர்வு. முற்கூறிய கோலின் கதையை அன்பர்கள் நினைவிற் கொள்க. 590 சதுர அடி வீட்டை 610 எனப் பதிந்துவிட்டால், 400 ரூபாய் வரி 500 ஆவதற்குப் பதிலாக 600 ஆகிவிடும். இருபது சதுர அடி என்பது ஒரு சிறு திண்ணை. ஒரு பாய் விரிக்கும் இடம்.

இத்தகைய திண்ணை ஒன்றே நம் தாய்மாமனுக்கு வந்து வாய்த்தது. அவர் வாழ்வது கடற்கரையில் மற்றோர் ஊர், பெயர் வேண்டா. வீட்டை ஒட்டி உப்பு மூட்டை அடுக்க ஒரு கொட்டகை இருந்தது. 2011 டிசம்பர் இறுதியில் வந்த தானே புயல் அதனைக் கூரையோடு கொண்டுபோயிற்று. கொட்டகை போனது, பதிவேட்டில் மட்டும் அது சாயாமல் நின்றது. உயர்ந்த வரிக்கு அறிவிப்பு வந்தபோது உப்பு வாரும் பருவம். மாமா தாளை விட்டத்திற் செருகிவிட்டார். நாம் சென்று கண்டபோது முறையிடுதற்குரிய நாள் கழிய ஐந்து நாளே இருந்தது. மனு எழுதிக் கொடுத்தோம். முதலிற் கேட்டவர் பதிவேட்டில் ஒப்பமிட்டவரே. “நான் அளந்தது பிழையென்று நானே எழுதுவேனா?” என்று சிரித்தார். நல்லவர்தாம், அவர் இருந்த இருக்கை அப்படி. வரியைக் கட்டி, பற்றுச்சீட்டை இணைத்து, மேலிடத்துக்கு மீண்டும் எழுதினோம். அங்கிருந்து வேறொருவர் நாடாவோடு வந்தார். மாமா ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார்.

“மாப்பிள்ளே, 580தான் இருக்கும்னு சொன்னேன்ல?” என்றார்.

நாடா 592 காட்டிற்று. மாமாவின் கணக்கும் பிழை. பதிவேட்டின் கணக்கும் பிழை. ஆயினும் 600க்குக் கீழேயே நின்றது; வரி திருந்திற்று.

மடியிலிருந்து தாளை எடுத்து நீட்டிய அன்பரின் வீட்டையும் வரும் ஞாயிறு அளக்க இருக்கின்றோம். அறிவிப்புப் பெற்ற மற்றையோர் அதனையும் பழைய வரிச்சீட்டையும் வீட்டுப் பத்திரத்தையும் அடுத்த கூட்டத்துக்குக் கொணர்க. அறிவிப்பில் முறையிடுதற்குக் குறித்த நாளை முதலிற் பார்த்துவிட்டு வருக. நாடா நாம் கொணர்வோம். மறுமுனையைப் பிடிக்க வீட்டுக்கு ஒருவர் வேண்டும்.