மெட்வியூ: கேஸ் ஷீட்டிலிருந்து பிறந்த மென்பொருள்

பல் டாக்டரிடம் வருகிற எல்லோருக்கும் பல்லில்தான் கோளாறு என்றில்லை. சிலருக்குப் பற்கள் நன்றாகவே இருக்கும். உள் கன்னத்தில் மட்டும் வலை பின்னியதுபோல் வெள்ளைக் கோடுகள் ஓடியிருக்கும். காரம் பட்டால் எரியும். லைக்கன் பிளேனஸ் என்ற நோயில் இப்படி வரும். பழைய அமால்கம் அடைப்பு, அதாவது நம் ஊரில் சில்வர் ஃபில்லிங் என்பது, கன்னத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்திலும் இதே மாதிரி வரும். சில மாத்திரைகளாலும் வரும். கண்ணுக்கு மூன்றும் ஏறக்குறைய ஒன்றுதான். நோயாளி என்ன மருந்து சாப்பிடுகிறார், எந்தப் பல்லில் அடைப்பு இருக்கிறது, அடைப்பை மாற்றிய பிறகு கோடு மறைந்ததா என்று விடாமல் பார்த்துக்கொண்டே வரவேண்டும். லைக்கன் பிளேனஸ் உள்ளவர்களில் ஒரு சிறு பங்கினருக்குப் பின்னாளில் அந்த இடத்தில் புற்றுநோய் வரக்கூடும். அதனால் பார்ப்பதை நிறுத்தவும் முடியாது.

வாய் மருத்துவத்தின் அன்றாடம் இதுதான். இதற்கென்றே ஒரு மென்பொருள் ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் 1995-ல் உருவாகத் தொடங்கியது. பெயர் மெட்வியூ. பல் மருத்துவத் துறையின் பக்கம் மாட்ஸ் யோன்டெல். அதே ஊரின் சால்மர்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் கணினியியலாளர்களின் பக்கம் லார்ஸ் ஹால்னாஸ், ஊலோஃப் டோர்கெர்சன், யோரான் ஃபால்க்மன். அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி எளிமையானது: தினமும் நோயாளிகளைப் பார்க்கும்போது சேர்கிற தகவலிலிருந்தே டாக்டர்கள் முறையாகக் கற்றுக்கொள்ளக் கணினி எப்படி உதவும்? தகவலைப் பத்திரப்படுத்துவதற்கு ஆயிரம் வழி உண்டு. அதிலிருந்து கற்றுக்கொள்வதற்கு ஒரு கருவி வேண்டும் என்று நினைத்ததுதான் இந்தத் திட்டத்தின் உயிர் என்பேன்.

பழைய கேஸ் ஷீட்டில் என்ன குறை? ஒருவர் ‘வெண்படலம்’ என்று எழுதுவார், இன்னொருவர் ‘வெளிறிய திட்டு’ என்பார், மூன்றாமவர் அவசரத்தில் நிறத்தையே விட்டுவிடுவார். அதை அப்படியே கணினியில் தட்டி வைத்தாலும் பயனில்லை. நூறு பேரைச் சேர்த்து வைத்து ஒப்பிட முடியாது. இங்கேதான் ஹால்னாஸின் பங்கு வந்தது. தர்க்கவியலில் அவர் வரையறைகளைப் பற்றிய கோட்பாட்டில் உழைத்தவர். அந்த வழியில் ஒவ்வொரு பரிசோதனையும் ஒரு வரையறைத் தொகுப்பாக ஆனது. ஒரு பக்கம் சொல், எதிரே அதன் மதிப்பு. நிறம் என்றால் வெள்ளை. இடம் என்றால் இடது உள் கன்னம். ஒவ்வாமை என்றால் நிக்கல். புகை என்றால் தினம் 10 சிகரெட்.

டாக்டர் திரையில் பட்டியலிலிருந்து மதிப்பைத் தேர்ந்தெடுப்பார். வாயைப் படம் பிடித்து அதே பதிவில் சேர்ப்பார். மதிப்புகளைத் தொகுத்துப் பெரிய வகைக்குள் அடக்கவும் வசதி உண்டு. 5 சிகரெட்டும் 10 சிகரெட்டும் ‘புகைப்பவர்’ என்ற ஒரே தலைப்பின் கீழ் வந்துவிடும். ஆனாலும் மூலப் பதிவில் எண் அப்படியே இருக்கும். சிறிய விஷயமாகத் தெரியலாம். எந்தச் சொல்லை எந்தப் பொருளில் வைப்பது என்று டாக்டர்கள் முதலில் ஒத்துப்போகாவிட்டால் இது நடக்காது. நிரல் எழுதுவதைவிட இந்த ஒப்பந்தமே கடினமான உழைப்பு என்பது என் எண்ணம்.

கட்டம் கட்டமாகப் பதிந்தால் நோயாளியின் கதை தொலைந்துபோகுமே என்ற கவலை நியாயமானது. அதற்கு அவர்கள் கண்ட விடை எனக்கு மிகவும் பிடித்தது: டாக்டர் தேர்ந்தெடுத்த மதிப்புகளைக் கொண்டு கணினியே வாக்கியங்களாகக் குறிப்பு எழுதித் தரும் ஒரு பகுதி. பதிவது கட்டத்தில், படிப்பது உரைநடையில்.

பதிவுகள் சேரச் சேர, அவற்றைப் பார்ப்பதற்குக் ‘கியூப்’ என்று ஒன்று வந்தது. திரையில் ஒரு கனசதுரம். அதற்குள் ஒவ்வொரு பண்புக்கும் ஒரு தளம். ஒரே பரிசோதனையைச் சேர்ந்த புள்ளிகளைக் கோடு இணைக்கும். பல பேருடைய கோடுகள் ஒரே இடத்தில் நெருங்கினால், அங்கே ஏதோ தொடர்பு இருக்கலாம் என்று கண்ணே சொல்லிவிடும். காரணத்தை அதன் பிறகு டாக்டர்தான் ஆராயவேண்டும். மாணவர்களுக்கு இதே பதிவுகளைக் கொண்டு இணையவழிப் பயிற்சியும் அமைத்தார்கள்.

அடுத்த கட்டம் கோத்தன்பர்க்கைத் தாண்டியது. ஸ்வீடன் வாய் மருத்துவர்களுக்கு சோம்நெட் என்று ஒரு கூட்டமைப்பு இருந்தது. வெவ்வேறு ஊர்க்காரர்கள் தொலைபேசி மாநாட்டில் கூடி, புரிபடாத கேஸ்களைப் பேசிவந்தார்கள். முதலில் படங்களும் விவரமும் பவர்பாயிண்டாக மின்னஞ்சலில் முன்கூட்டியே போய்ச் சேர்ந்தன. பேச்சு முடிந்ததும் அந்த அறிவு கலைந்துவிட்டது. சிகிச்சைக்குப் பிறகு அந்த நோயாளிக்கு என்ன ஆயிற்று என்று தேடி எடுப்பது சிரமமாக இருந்தது.

இந்தக் குறையைத் தீர்க்க, மெட்வியூவின் அனுபவத்தின் மேல் சோம்வெப் என்ற இணையத்தளம் கட்டப்பட்டது. மரீ குஸ்தாவ்சனும் இந்தக் குழுவில் முக்கியமானவர். பரிசோதனைப் படிவத்தின் சொற்களை, தகவலின் பொருளைக் கணினியும் கையாளும்படி எழுதும் பொருளுணர் வலையின் (செமாண்டிக் வெப்) ஆவுல், ஆர்டிஎஃப் வடிவங்களில் வரையறுத்தார்கள். கேஸை டாக்டர் இணையத்தில் சேர்த்தார், மற்றவர்கள் முன்னதாகப் பார்த்து வந்தார்கள், பேசி எடுத்த முடிவு அதே கேஸோடு பதிவானது. நோயாளி மறுபடி வந்தபோது அந்தப் பரிசோதனையும் அதன் கீழேயே சேர்ந்தது.