மண்ணைக் காத்தவர்க்கு மானியம்

நிலத்தையும் நீரையும் பேணும் குடிகளுக்கு அரசு கைகொடுத்தல் தமிழர்க்குப் புதிய செய்தியன்று. சோழர் காலத்தில் ஏரியைக் காப்பதற்கென விடப்பட்ட நிலம் ‘ஏரிப்பட்டி’ எனப்பட்டது. அதன் வருவாய் தூரெடுக்கவும் கரையைச் செப்பனிடவும் பயன்பட்டது. உத்திரமேரூரில் ‘ஏரி வாரியம்’ என்றொரு குழு இருந்ததை 919, 921ஆம் ஆண்டுகளின் கல்வெட்டுகள் காட்டுகின்றன. சோழர் கடாரம் என வழங்கிய கெடாவில், ரப்பர்க் காலத்தில் இக்கொள்கை வேறு வடிவில் தோன்றியது. அவ்வரலாற்றை ஈண்டு நோக்குவோம்.

மெர்போக் ஆறு கடலோடு கலக்குமிடத்தில் உள்ள மீனவர் ஊர் தஞ்சோங் டாவாய். அவ்வாற்றின் மேற்புறத்தில் செமெலிங், பீடோங், சுங்கை பட்டாணி வட்டாரத்துத் தோட்டங்கள் எழுந்தன. மேட்டில் கரையும் மண் ஓடைவழி இறங்கிக் கழிமுகத்தையே சேரும். பண்டைய வணிகத் துறையாகிய பெங்காலான் பூஜாங் இன்று கடலை விட்டு உள்ளொதுங்கிக் கிடப்பது, இம்மண்ணில் வண்டலின் வலிமைக்குச் சான்று.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர்த் தோட்ட முதலாளிகள் மரத்தடியில் ஒரு புல்லும் நிற்றலாகாது எனக் கருதினர். புல் மரத்தின் உணவைப் பறிக்கும் என்பது அவர்கள் எண்ணம். தமிழ்த் தொழிலாளர் நாள்தோறும் புல்வெட்டி, காட்டைக் களம்போல் ஆக்கினர். மழை பெய்தது, மூடுவதற்கு ஏதுமற்ற மேல்மண் சரிவில் வழிந்தது. பிழை மெல்லவே உணரப்பட்டது. 1925இல் நிறுவப்பட்ட மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் காலத்தில், மண்ணை மூடிப் படரும் அவரையினக் கொடிகளும் மலைச்சரிவில் படிவரிசையாக நடுதலும் சிறந்த முறைகளாக நிலைபெற்றன. இக்கொடிகள் மண்ணைக் கட்டுவதோடு காற்றிலுள்ள தழைச்சத்தையும் நிலத்துக்கு ஊட்டுவன.

முறை தெரிந்தும் சிறுதோட்டக்காரர் அதனைக் கைக்கொள்ள இயலவில்லை. முதிர்ந்த மரத்தை வெட்டிப் புதிதாக நட்டால் ஆறேழு ஆண்டுகள் பால் இல்லை. அதுவரை குடும்பம் உண்பதெங்ஙனம்? இவ்விடரைத் தீர்க்க 1952இல் ரப்பர் மறுநடவு நிதிச் சட்டம் வந்தது. ஏற்றுமதியாகும் ரப்பரின் மீது ஒரு தீர்வை வாங்கி, அதனை மறுநடவு செய்வோர்க்கே மானியமாகத் திருப்பித் தருவது அதன் வழி. 1954இல் மலாயா ரப்பர்த் தொழிலை ஆராய்ந்த முடி குழுவும், செயற்கை ரப்பரின் போட்டியைத் தாங்க மறுநடவு விரைதல் வேண்டும் என்றது. மானியம் ஒருங்கே தரப்படாது. அலுவலர் நிலத்தைப் பார்த்த பின்னரே தவணை தவணையாகக் கிடைத்தது. நட்டதைப் பேணாதவர் அடுத்த தவணையை இழக்க நேரும். இப்பணியை 1973 முதல் ரிஸ்டா எனும் அமைப்பு ஏற்றது.

தண்டனையும் உடன் நின்றது. 1960ஆம் ஆண்டின் நிலப் பாதுகாப்புச் சட்டம், மலைநிலமென அறிவிக்கப்பட்ட இடத்தில் இசைவின்றிப் பயிரிடுதலைத் தடுத்தது; ஆற்றில் மண் சேரவிடும் உடையவரைத் தடுப்பு வேலை செய்யுமாறு பணித்தது. சட்டம் அஞ்சுவோனை நிறுத்தும். ஆயின் கொடி நட்டு வளர்க்க அச்சம் மட்டும் போதாது. அதற்குக் கையில் பொருளும் காத்திருக்கக் காலமும் வேண்டும். மானியம் இவ்விரண்டையும் ஓரளவு தந்தது.

எனினும் இவ்வுதவி நிலமுடையாரையே சென்றடைந்தது. முன்பு புல்வெட்டியவரும் பின்பு கொடி நட்டவரும் தமிழ்த் தொழிலாளரே, மண் அவர்களுடையதன்று. வெள்ளையர் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது வேலையும் வீடும் இழந்தவரும் அவர்களே. அந்நிலையில்தான் 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளரின் சிறுசேமிப்பால் அச்சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

ஏரிப்பட்டி முதல் மறுநடவு மானியம் வரை வரலாறு ஒன்றைத் தெளிவாக்குகிறது. மண்ணைக் காக்கும் கைக்கும் மண்ணின் பயனைப் பெறும் கைக்கும் இடைவெளி குறையுமளவுக்கே காவல் உறுதிபெறும். மேட்டில் அவ்வுறுதி இருந்தால், தஞ்சோங் டாவாய்க் கழிமுகத்தில் வலை வீசுவோனுக்கும் தெளிந்த நீர் கிட்டும்.