ஒளிக்க வைத்தது யார்?

வேலைக்கு விண்ணப்பிக்க, கிராம சேவகரிடம் நற்சான்றிதழுக்காக நாம் எல்லோரும் ஒருக்காவது போய் நின்றிருப்போம். அமெரிக்காவில் அரச ரகசியங்களைக் கையாளும் வேலையென்றால் இந்தச் சோதனை இன்னும் இறுக்கம். பாதுகாப்பு அனுமதி கொடுக்கமுன் கடன், குடி, பழைய வழக்கு, படிவத்தில் சொன்ன பொய் எல்லாவற்றையும் கிண்டிப் பார்ப்பார்கள். பலவீனம் உள்ள ஆளை எதிரி வெருட்டி ரகசியம் கறக்கலாம் என்பதுதான் காரணம். காரணம் பிழையில்லை. அதை யார்மேல் பாவித்தார்கள் என்பதில்தான் பிரச்சினை.

1950இல் ஒரு செனட் குழு, தன்பாலீர்ப்பாளர்கள் அரச வேலைக்குப் பொருத்தமற்றவர்கள் என்று அறிக்கை எழுதியது. அதற்கு உதாரணமாகக் காட்டப்பட்டவர் ஒஸ்திரிய உளவு அதிகாரி அல்பிரட் ரெடில். அவர் 1913இலேயே செத்துப்போனவர்! வெருட்டலுக்குப் பணிந்து நாட்டைக் காட்டிக்கொடுத்த அமெரிக்கர் ஒருவரைக்கூட அறிக்கை காட்டவில்லை. ஆனாலும் 1953 ஏப்ரலில் ஜனாதிபதி ஐசனோவர் 10450ஆம் இலக்க ஆணையில் கையெழுத்திட்டார். மிதமிஞ்சிய குடி, போதைப்பொருளோடு 'பாலியல் வக்கிரமும்' பட்டியலில் சேர்ந்தது. ஆயிரக்கணக்கானோரின் வேலை போனது.

அவர்களில் ஒருவர் பிராங் கமெனி. ஹார்வர்டில் கலாநிதிப் பட்டம் பெற்ற வானியலாளர்; இரண்டாம் உலகப்போரில் சண்டைபிடித்தவர். 1957இல் இராணுவ வரைபட சேவை அவரை நீக்கியது. ஆள் பேசாமல் வீட்ட போகேல்லை. உயர் நீதிமன்றம்வரை போனார். 1961இல் அது மனுவை எடுக்க மறுத்தது. பிறகு, சட்டத்தரணியாக இல்லாமலே, அனுமதி மறுக்கப்பட்ட மற்றவர்களுக்காக வாதாடினார். ஊருக்கே சொல்லிவிட்ட விஷயத்தை வைத்து ஒருவரை எப்படி வெருட்டுவது என்பதே அவர் பக்க நியாயம்.

யோசித்துப் பார்த்தால், ஒளிக்க வைத்ததே அரசுதான். வெளியில் தெரிந்தால் வேலை போகும் என்ற விதிதான் வெருட்டுபவன் கையில் கத்தியைக் கொடுத்தது.

1975இல் சிவில் சேவை ஆணைக்குழு தடையை நீக்கியது. பாதுகாப்பு அனுமதிக்கோ 1995வரை, கிளிண்டனின் ஆணைவரை, காத்திருக்க வேண்டியிருந்தது. 2009இல் அரசு கமெனியிடம் மன்னிப்புக் கேட்டபோது அவருக்கு 84 வயது.

'தனிநபர் நடத்தை' இன்றைய விதிகளிலும் ஒரு தனித் தலைப்பு. பொய்யும் மறைப்பும்தான் அங்கே பெரிய குற்றம். பிழையைத் தானாகவே முன்வந்து சொன்னவருக்கு அது சாதகமாகும். நல்ல விதிதான். ஆனால் உண்மையைச் சொன்னவரைத் தண்டிக்காத இடத்தில்தான் உண்மையைக் கேட்கலாம். ஒருவரின் நடத்தை சரியில்லையென்று கோப்பில் எழுதமுன், அவர் செய்தது யாருக்குக் கேடு என்பதையும் நாம் கேட்கத்தானே வேணும்?