சைரன் அலறும்... உங்களுக்கு போன் வருமா? வீட்டு அலாரத்தின் போன் லைனைச் சரிபார்க்க எளிய வழிகள்!

பொங்கல் லீவுக்கு ஊருக்குக் கிளம்புறீங்க. கதவைப் பூட்டி, அலாரத்தை ஆன் பண்ணிட்டு, கிளாம்பாக்கத்தில் பஸ்ஸும் ஏறியாச்சு. 'ஏதாவதுன்னா போன் வந்துடும்' என்று நிம்மதியாகத் தூங்குவீர்கள். சரி, அந்த போன் நிஜமாகவே வருமா என்று கடைசியாக எப்போது சோதித்துப் பார்த்தீர்கள்?

கதவு சென்சாரில் கோளாறு என்றால் பேனலில் பெரும்பாலும் லைட் எரிந்து காட்டிக்கொடுத்துவிடும். போன் லைன் அப்படியல்ல. லைன் செத்துப் போயிருந்தாலும் பல பேனல்கள் 'எல்லாம் ஓகே' என்பதுபோலவே நிற்கும். திருடன் வந்தால் சைரன் அடிக்கும், தெருவே கேட்கும். ஊரில் இருக்கும் உங்களுக்கு மட்டும் தகவல் வராது. தாம்பரம், சேலையூர், பெருங்களத்தூர், முடிச்சூர் பக்கம் வயதான பெற்றோரைத் தனியே விட்டுவிட்டு வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களும் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

உங்கள் அலாரம் எந்த வழியில் பேசுகிறது?

முதலில் பேனலைப் பாருங்கள். அதிலிருந்து மெல்லிய வயர் ஒன்று டெலிபோன் சாக்கெட்டுக்கோ, இன்டர்நெட் பெட்டிக்கோ போனால் அது லேண்ட்லைன் வகை. சின்ன ஆன்டெனாவும் சிம் கார்டும் இருந்தால் மொபைல் வகை. செல்போன் ஆப்பில் மட்டும் நோட்டிஃபிகேஷன் வருகிறது என்றால் வைஃபை வகை. மூன்றுக்கும் வரும் பிரச்னைகள் வேறு வேறு.

பழைய லேண்ட்லைனா? இந்த வரிசையில் பாருங்க

* அதே லைனில் சாதாரண போனை மாட்டி டயல் டோன் வருகிறதா என்று கேளுங்கள். வரவில்லையா? அலாரம் பேனலின் வயரைக் கழற்றிவிட்டு, வெளியிலிருந்து வரும் லைனில் போனை நேராக மாட்டிப் பாருங்கள். இப்போது டோன் வந்தால் கோளாறு பேனலில் அல்லது வீட்டு வயரிங்கில்; அலாரம் டெக்னீஷியனைக் கூப்பிடலாம். அப்போதும் வரவில்லை என்றால் கோளாறு வெளியே. டெலிபோன் நிறுவனத்தில் புகார் கொடுத்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

* டோன் வருகிறது, ஆனால் கரகர சத்தம் கேட்கிறதா? ஜாயின்ட்டில் ஈரம் இறங்கியிருக்கலாம், செப்புக் கம்பி பச்சை பூத்திருக்கலாம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இது அடிக்கடி வரும். சன்ஷேடுக்குக் கீழே இருக்கும் இணைப்புப் பெட்டியை முதலில் சந்தேகப்படுங்கள். இடி மின்னல் நேரத்தில் மட்டும் அதைத் தொடவே வேண்டாம்.

* வெளியிலிருந்து வரும் லைன் முதலில் அலாரம் பேனலுக்குப் போய், பிறகுதான் மற்ற போன்களுக்குப் போக வேண்டும். இது மாறியிருந்தால், மாடியில் யாராவது ரிசீவரைச் சரியாக வைக்காமல் விட்டாலே அலாரத்தால் டயல் செய்ய முடியாது.

* அதே செப்பு லைனில் பிராட்பேண்டும் வருகிறதா? அப்படியானால் பேனலுக்குப் போகும் வயர், ஸ்பிளிட்டரின் 'போன்' பக்கத்திலிருந்து போக வேண்டும்.

பலரும் கவனிக்காத அந்த '0'

2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து எந்த மொபைலுக்குக் கூப்பிட்டாலும் முன்னால் 0 சேர்த்தாக வேண்டும். நாம் பழகிவிட்டோம். ஆனால், அதற்கு முன்பு பொருத்திய ஆட்டோ டயலருக்கு இது தெரியாது! அதில் பதிந்துவைத்த நம்பர் வெறும் 10 இலக்கமாகவே இருந்தால், அலாரம் டயல் செய்யும், கால் போகாது. லைன் நன்றாக இருந்தும் போன் வரவில்லை என்றால், முதல் வேலையாக பேனலில் பதிந்திருக்கும் நம்பர்களைப் பாருங்கள்.

ஃபைபருக்கு மாறியாச்சா? கரன்ட்டைக் கவனிங்க

பழைய செப்பு லைனில் சுமார் 48 வோல்ட் மின்சாரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வந்துவிடும். வீட்டில் கரன்ட் போனாலும் போன் வேலை செய்ததற்கு அதுதான் காரணம். ஃபைபரில் வருவது ஒளி மட்டுமே. வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் பெட்டிக்கு நம் வீட்டுக் கரன்ட்தான் வேண்டும். கரன்ட் போனால் பெட்டி அணையும், லேண்ட்லைனும் கூடவே போகும்.

அலாரம் பேனலுக்குள் பேட்டரி இருக்கிறதே என்று கேட்கலாம். பேனல் விழித்துக்கொண்டிருக்கும், பேசுவதற்கு லைன் இருக்காது! அதனால் ஃபைபர் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் ஒரு மினி யு.பி.எஸ் போடுங்கள், அல்லது இன்வெர்ட்டர் பாயின்ட்டிலிருந்து இணைப்புக் கொடுங்கள். வைஃபை அலாரம், கேமரா எல்லாவற்றுக்கும் இதே கதைதான். இன்னொன்று, ஃபைபர் மாற்ற வந்தவர் பழைய வயரைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். அலாரத்தின் வயர் புதிய பெட்டியின் 'போன்' சாக்கெட்டில் மாட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

சிம் போட்ட அலாரமா?

* வேலிடிட்டி: அலாரத்துக்குள் இருக்கும் சிம்மை நாம் மறந்தே போவோம். வேலிடிட்டி முடிந்தால் அவுட்கோயிங் போகாது. நெடுநாள் அப்படியே விட்டால் நம்பரே கைவிட்டுப் போகலாம். டேட்டா பேக் போட வேண்டியதில்லை. பேச்சு, எஸ்.எம்.எஸ் மட்டும் உள்ள ரீசார்ஜ் ஒன்றாவது தர வேண்டும் என்று டிராய் 2024 டிசம்பரில் விதி கொண்டுவந்தது. அதில் நீண்ட வேலிடிட்டி உள்ளதைத் தேர்ந்தெடுத்து, செல்போனில் ரிமைண்டர் வைத்துவிடுங்கள்.

* நெட்வொர்க்: பழைய பேனல்கள் பல 2ஜி-யில் மட்டுமே இயங்கும். ஜியோவில் 2ஜி கிடையாது. அதனால் அந்த பேனலில் ஜியோ சிம் போட்டால் சிக்னலே வராது. சிம் மாற்றும் முன்பு பேனல் எந்த நெட்வொர்க்குக்கானது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

* இடம்: இரும்பு அலமாரிக்குள், படிக்கட்டுக்குக் கீழே பேனலை மறைத்து வைத்தால் சிக்னல் குறையும். ஆன்டெனாவை மட்டும் ஜன்னல் பக்கம் நகர்த்தினாலே சில வீடுகளில் சரியாகிவிடும்.

* உங்கள் போன்: அலாரத்தின் நம்பரைப் பெயர் போட்டு சேவ் செய்யுங்கள். தெரியாத நம்பரை சைலன்ட் ஆக்கும் வசதி போனில் ஆன் ஆகியிருந்தால், ராத்திரி 2 மணிக்கு வரும் அலாரம் கால் சத்தமே போடாது. 'டோன்ட் டிஸ்டர்ப்' வைத்துத் தூங்குபவர்கள் இந்த நம்பருக்கு மட்டும் விலக்கு கொடுங்கள்.

மழை, புயல் நேரத்தில்...

2015 டிசம்பரில் அடையாறு வெள்ளம் முடிச்சூர், வரதராஜபுரத்தை மூழ்கடித்தது. 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் மரங்களையும் மின்கம்பங்களையும் சாய்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோதும் பல பகுதிகளில் கரன்ட்டும் செல்போன் சிக்னலும் சேர்ந்தே போயின. செல்போன் டவரின் பேட்டரியும் ஜெனரேட்டர் டீசலும் எத்தனை நாள் தாங்கும்?

அதனால் ஒரே வழியை நம்ப வேண்டாம். ஃபைபர் ஒரு பக்கம், சிம் ஒரு பக்கம் என்று இரண்டு வழியில் பேசும் பேனல் நல்லது. இரண்டும் போகிற நாளில் கைகொடுப்பது சைரன் சத்தமும் பக்கத்து வீட்டுக்காரரும்தான். சாவியும் அலாரத்தை நிறுத்தும் முறையும் நம்பிக்கையான ஒருவருக்குத் தெரிந்திருக்கட்டும்.

மாதம் ஒருமுறை 10 நிமிஷம்

1. பக்கத்து வீட்டில் சொல்லிவிடுங்கள். கண்காணிப்பு நிறுவனத்துடன் இணைப்பு இருந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள்.
2. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, அலாரத்தை ஆன் செய்து கதவைத் திறங்கள். கரன்ட் இருக்கும்போது மட்டும் சோதித்தால் பாதி சோதனைதான்.
3. பதிந்திருக்கும் எல்லா நம்பர்களுக்கும் கால் வருகிறதா, பதிவுசெய்த குரல் தெளிவாகக் கேட்கிறதா என்று பாருங்கள்.
4. மெயினை மறுபடி போட்டதும் பேனல் பழைய நிலைக்கு வருகிறதா என்று கவனியுங்கள். கரன்ட் இல்லாமல் சீக்கிரமே சோர்ந்துவிட்டால் பேட்டரியை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

நம்பர் வரிசையும் முக்கியம். நீங்கள் துபாயில் இருந்தால் முதல் கால் உங்களுக்கு வந்து என்ன பயன்? 5 நிமிஷத்தில் வாசலுக்கு வரக்கூடியவர் நம்பர் முதலில், உங்கள் நம்பர் அடுத்து. 112-ஐ பேனலில் நேரடியாகப் பதிய வேண்டாம். பூனை குதித்தாலும் அலாரம் அடிக்கும்; போய்ப் பார்த்த மனிதர் கூப்பிடுவதுதான் சரி.

வெளியூர் போகும்போது, 2022-லிருந்து இயங்கும் தாம்பரம் மாநகர காவல் ஆணையரகத்தின் கீழ் வரும் உங்கள் பகுதி காவல் நிலையத்தில், பூட்டிய வீட்டு முகவரியையும் திரும்பி வரும் தேதியையும் சொல்லிவிட்டுப் போங்கள். ரோந்து வரும் போலீஸாருக்கு எந்த போன் லைனும் தேவையில்லை.